'அல்லாதவர்' இல்ல, கறுப்பர்: ஸ்டீவ் பிக்கோ பத்தி உங்க கேள்விகள்

போன இதழ்ல செப்டம்பர் 12 நினைவு நாளுக்காக தென்னாப்பிரிக்காவோட ஸ்டீவ் பிக்கோ பத்தி நாலே நாலு வரி எழுதியிருந்தேன். வெள்ளை இனவெறி ஆட்சியை எதிர்த்து நின்னவர், கறுப்பா இருக்கறதுல வெட்கப்பட ஒண்ணுமில்லன்னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக் குடுத்தவர், இந்தியர்களையும் 'கறுப்பர்'னு சேத்துக்கிட்டவர், 30 வயசுல போலீஸ் காவல்ல செத்துப்போனவர்னு அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கு வந்த கடிதம், மெயில் எல்லாத்தையும் பாத்தப்புறம் இந்தப் பகுதி முழுசையும் அவருக்கே குடுத்துடலாம்னு தோணுச்சு. மத்த கேள்வி அனுப்பினவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: சார், மண்டேலா தெரியும், இந்தப் பேரு கேள்விப்பட்டதே இல்ல. யாரு இவரு? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: முழுப்பேரு பன்டு ஸ்டீஃபன் பிக்கோம்மா. 1946 டிசம்பர் 18ல ஈஸ்டர்ன் கேப் பகுதியில பொறந்தவரு, வளந்தது கிங் வில்லியம்ஸ் டவுனை ஒட்டி கறுப்பர்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த ஜின்ஸ்பர்க் குடியிருப்புல. இவருக்கு நாலு வயசு இருக்கும்போதே அப்பா போயிட்டாரு, அம்மா வெள்ளைக்காரங்க வீட்டுல வேலை செஞ்சு, அப்புறம் ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை பாத்து நாலு பிள்ளைங்களையும் கரை சேத்தாங்க. ஸ்கூல் படிக்கும்போது அண்ணனை அரசியல் சந்தேகத்துல புடிச்சாங்க, தம்பிங்கிற ஒரே காரணத்துக்காக இவரையும் விசாரிச்சு கடைசியில ஸ்கூலை விட்டே அனுப்பிட்டாங்க, அதுவரைக்கும் இவருக்கு அரசியல்ல பெருசா ஆர்வமே கெடையாது. 1966ல டர்பன்ல நேட்டால் பல்கலைக்கழகத்தோட மருத்துவக் கல்லூரியில சேந்தாரு. அவரு படிச்ச பிரிவுக்கு வச்சிருந்த பேரே 'நான்-யூரோப்பியன்' பிரிவு, அதாவது ஐரோப்பியர் அல்லாதவங்களுக்கான பிரிவு. அந்த 'அல்லாத'ங்கிற சொல்லை மனசுல வச்சுக்கோங்க, கீழ திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: வெள்ளை மாணவர்களும் சேர்ந்து இனவெறியை எதிர்த்த சங்கம் ஒண்ணு ஏற்கனவே இருந்துச்சாமே, அதை விட்டுட்டு தனியா வந்தது ஒத்துமையை ஒடைச்ச மாதிரி ஆகாதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, இந்தக் கேள்வியை அந்தக் காலத்துலயே அவர்கிட்ட நிறைய பேரு கேட்டிருக்காங்க, கோவமாவே கேட்டிருக்காங்க. அந்தச் சங்கத்துக்குப் பேரு நூசாஸ், பிக்கோவும் அதுல உறுப்பினராத்தான் இருந்தாரு. 1967 ஜூலைல கிரஹாம்ஸ்டவுன்ல ரோட்ஸ் பல்கலைக்கழகத்துல மாநாடு. வெள்ளை மாணவர்களுக்கு பல்கலைக்கழக விடுதியில ரூம், கறுப்பு மாணவர்கள் மட்டும் தள்ளி ஒரு சர்ச் ஹால்ல போய் படுத்துக்கணும்னு நிர்வாகம் சொல்லிடுச்சு. எல்லாரும் ஒண்ணா தங்கற மாதிரி ஒரு எடம் கிடைக்கற வரைக்கும் மாநாட்டை ஒத்தி வைப்போம்னு பிக்கோ தீர்மானம் கொண்டு வந்தாரு, ராத்திரி முழுக்க விவாதம் ஓடுச்சு, கடைசியில தீர்மானம் தோத்துப் போச்சு. வருத்தம் தெரிவிச்சாங்க, கண்டனம் தெரிவிச்சாங்க, ஆனா மாநாடு மட்டும் நிக்கல.

எனக்கு இதுல ரொம்ப உறைக்கறது என்னன்னா அங்க இருந்தவங்க கெட்டவங்க கிடையாது, நிஜமாவே இனவெறி தப்புன்னு நினைச்சவங்கதான். ஆனா படுக்கையை விட்டுட்டு எழுந்து அந்த சர்ச் ஹாலுக்கு வரணும்னு வரும்போது பெரும்பான்மை வரல. அடி வாங்கறவன் ஒருத்தன், எப்படி அடி வாங்கணும்னு வகுப்பெடுக்கறவன் இன்னொருத்தன், இப்படி இருந்தா அதுக்குப் பேரு ஒத்துமையான்னு பிக்கோ பின்னாடி எழுதின கட்டுரைங்கள்ல திரும்பத் திரும்ப கேக்கறாரு. 1969 ஜூலைல டர்ஃப்லூப் வளாகத்துல சாசோங்கிற தென்னாப்பிரிக்க மாணவர் அமைப்பு தொடங்கினப்ப முதல் தலைவரு இவர்தான், வயசு 22. ஒடைச்சுட்டுப் போனாருன்னு சொல்றதை விட, இல்லாத ஒத்துமையை இருக்கறதா நடிக்க மாட்டேன்னு சொன்னாருன்னு வேணா சொல்லலாம் ஐயா.

கேள்வி: அவரு இந்தியர்களையும் 'கறுப்பர்'னு சேத்துக்கிட்டாருன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. அது எப்படி? எனக்குப் புரியல. (ஒரு வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

அந்த அரசாங்கம் மனுஷங்களை வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர்னு சட்டம் போட்டுப் பிரிச்சு வச்சிருந்துச்சு. வீடு எங்க, ஸ்கூல் எது, எந்த பெஞ்சுல உக்காரலாம், யாரைக் கல்யாணம் பண்ணலாம் எல்லாமே அடையாளச் சீட்டுல எழுதின இனத்தைப் பொறுத்துத்தான். ஆனா ரயில் நிலையத்துல, தபால் ஆபீஸ்ல, கடற்கரையில போர்டு வைக்கும்போது ரெண்டே வகைதான், வெள்ளையர், வெள்ளையர் அல்லாதவர். அதாவது நாட்டுல பெரும்பான்மையா இருக்கற கோடிக்கணக்கான பேருக்கு சொந்தமா ஒரு பேரு கூட இல்ல, யாரோ ஒருத்தர் மாதிரி இல்லங்கறதுதான் அவங்க அடையாளம். 'நான்-ஒயிட்'னு ஆங்கிலத்துல சொல்லுவாங்க. நம்ம எழுத்துல அதே 'நான்'ங்கிறதுக்கு என்ன அர்த்தம்னு பாருங்க, அங்க 'இல்லை'ன்னு ஆகற சொல்லு இங்க ஒரு மனுஷன் தன்னைச் சொல்லிக்கற சொல்லு. பிக்கோ செஞ்ச வேலையை தமிழ்ல சொல்லணும்னா, அந்த 'நான்'லேர்ந்து இந்த 'நான்'க்கு ஜனங்களைக் கூட்டிட்டு வந்தாருன்னு நான் சொல்லுவேன்.

சாசோ அந்த 'அல்லாதவர்'ங்கிற சொல்லைத் தூக்கிப் போட்டுச்சு. 1971ல கொண்டு வந்த கொள்கை அறிக்கையில கறுப்பர்னா யாருன்னு வரையறுத்தாங்க: சட்டத்தாலோ வழக்கத்தாலோ அரசியல், பொருளாதாரம், சமூகம்னு எல்லாத்துலயும் ஒதுக்கப்பட்டு, விடுதலைக்காக ஒண்ணா நிக்கறவங்க. தோல் எவ்வளவு கறுப்புங்கறது கணக்கே இல்ல. ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் மூணு பேரும் உள்ள வந்துட்டாங்க. அதே நேரம் பிக்கோ இன்னொன்னும் எழுதினாரு, வெள்ளைக்காரனைப் பாத்து 'பாஸ்'னு கும்பிடறவன், ரகசிய போலீஸ்ல சேந்து சொந்த ஜனங்களைக் காட்டிக் குடுக்கறவன் எவ்வளவு கறுப்பா இருந்தாலும் அவன் 'அல்லாதவன்'தான்னு. கறுப்பா இருக்கறது நிறமில்ல, மனநிலைன்னு அவரு சொன்னது இந்த அர்த்தத்துலதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரிய டர்பனோட கதை கொஞ்சம் தெரியணும். 1860 நவம்பர் 16ல மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோங்கிற கப்பல் அங்க போய்ச் சேந்துச்சு, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிங்க. 1911 வரைக்கும் இப்படிப் போனவங்க ஒன்றரை லட்சம் பேர், அதுல ரொம்பப் பேரு தமிழும் தெலுங்கும் பேசினவங்க. இன்னிக்கும் அந்த ஊர்ல பிள்ளே, கோவெண்டர், மூட்லின்னு பேரு பலகை பாக்கலாம், எல்லாம் நம்ம ஊர் பேருங்க உப்புக்காத்துல உருமாறினது. 1949 ஜனவரில அதே டர்பன்ல ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் பெரிய கலவரம், 142 பேர் செத்தாங்க. ஒருத்தன் மேல ஒருத்தனுக்கு பயம், சந்தேகம், வெறுப்பு, அது வீட்டுக்குள்ள சாப்பாட்டு நேரத்துல பேசற பேச்சு வரைக்கும் எறங்கியிருந்துச்சு. அந்தக் கலவரம் நடந்து இருபது வருஷம்தான் ஆகுது, அதே ஊர்ல ஒரு ஆப்பிரிக்க இளைஞன் வந்து நீயும் கறுப்பன் நானும் கறுப்பன்னு கையை நீட்டறாரு.

அந்தக் கையைப் புடிச்சவங்கள்ல முக்கியமானவங்க சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி. ரெண்டு பேரும் டர்பன் இந்தியர்கள். சாத்ஸ்ங்கிறது சதாசிவனோட சுருக்கம். பக்கத்து நாடான மொசாம்பிக்ல விடுதலை இயக்கம் ஆட்சிக்கு வந்ததைக் கொண்டாட 1974 செப்டம்பர் 25ல டர்பன் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துல கூட்டம் கூப்பிட்டதுக்காக பயங்கரவாதச் சட்டத்துல வழக்கு போட்டு, ஒன்பது பேரு சிறைக்குப் போனாங்க, இவங்க ரெண்டு பேரும் அதுல உண்டு. மண்டேலா இருந்த ராபன் தீவு சிறையிலயே இருந்தாங்க. ஆனா எல்லா இந்தியர்களும் இந்தப் பேரை ஏத்துக்கிட்டாங்கன்னு சொன்னா அது பொய்யாயிடும். 1971ல திரும்ப உயிர்ப்பிச்ச நேட்டால் இந்தியன் காங்கிரஸ்க்கும் இவங்களுக்கும் நல்லாவே வாக்குவாதம் நடந்துச்சு, இந்தியன்ங்கிற பேரை எதுக்கு இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்கீங்கன்னு இவங்க கேட்டாங்க, அவங்களுக்கும் காந்தி காலத்துலேர்ந்து வர்ற பேரை விட மனசில்ல. ரெண்டு பக்கமும் காரணம் இருந்துச்சு. என் மனசு சதாசிவன் பக்கம்தான்.

கேள்வி: 'கறுப்பே அழகு'ங்கறது வெறும் கோஷம்தானே? இதனால யாருக்கு என்ன ஆச்சு?

பதில்: இதே கேள்வியை கோர்ட்டுலயே கேட்டாங்க. மேல சொன்ன அந்த ஒன்பது பேரோட வழக்குல 1976 மே மாசம் பிக்கோ சாட்சி சொல்ல வந்தாரு. அந்தக் கோஷத்துக்கு என்ன அர்த்தம்னு விளக்கச் சொன்னதுக்கு, நீ இப்ப எப்படி இருக்கியோ அப்படியே நல்லாத்தான் இருக்க, உன்னை ஒரு மனுஷனா பாக்க ஆரம்பின்னு சொல்றதுதான் அதுன்னாரு. கறுப்புப் பெண்கள் முகத்தை வெளுக்க வைக்கற கிரீம் பூசறதையும் முடியை நேராக்கறதையும் அங்கேயே எடுத்துச் சொன்னாரு, தன்னோட நிஜமான தோற்றம் தப்புன்னு மனசு நம்பிட்டா கை அதுவா அந்த டப்பாவைத் தேடும்னு அவரு சொல்ல வந்தது. அந்தக் கிரீம்ங்கள்ல பாதரசமும் ஹைட்ரோக்வினோனும் இருந்துச்சு, தோலே நிரந்தரமா கெட்டுப்போன பெண்கள் ஏராளம், 1990ல அரசாங்கமே தடை போட வேண்டி வந்துச்சு. அதனால இது வெறும் அழகு சமாச்சாரம் இல்ல, உடம்புல எழுதின காயம்.

அப்ப நீதிபதி ஒரு கேள்வி கேட்டாரு, நீங்க ஏன் கறுப்பர்னு சொல்லிக்கறீங்க, பாத்தா பிரவுனாத்தானே இருக்கீங்கன்னு. வெள்ளையர்னு சொல்லிக்கறவங்களும் பாத்தா பிங்க்காத்தானே இருக்காங்க, அதே மாதிரிதான்னு பிக்கோ அமைதியா பதில் சொன்னாரு. தண்டனை குடுக்கற எடத்துல உக்காந்திருக்கறவர் முன்னாடி, சிறைக்குப் போகக் காத்திருக்கற ஒன்பது தோழர்கள் பாத்துக்கிட்டிருக்க, அவ்வளவு நிதானமா பேச ஒரு மனுஷனுக்கு உள்ள எவ்வளவு தெளிவு இருக்கணும்! ஒடுக்கறவன் கையில இருக்கற ரொம்ப பலமான ஆயுதம் ஒடுக்கப்பட்டவனோட மனசுதான்னு 1971லயே பேசினவராச்சே.

கேள்வி: இதுவும் ஒரு வகை இனவெறிதானே, தலைகீழா?

பதில்: இல்லங்க. இனவெறின்னா அடுத்தவனை அடக்கற அதிகாரமும் சேந்து இருக்கணும்னு அவரே இதுக்கு பதில் சொல்லியிருக்காரு, ஓட்டே இல்லாதவன் யாரை அடக்கறது? தென்னாப்பிரிக்காவுலயே கிழக்கு லண்டன்ங்கிற ஊர்ல 'டெய்லி டிஸ்பாட்ச்' பத்திரிகை ஆசிரியரா இருந்த டொனால்ட் வுட்ஸும் உங்களை மாதிரியே நினைச்சு முதல்ல எதிர்த்து எழுதினவருதான். நேர்ல வந்து பேசினாரு, நெருங்கின நண்பராயிட்டாரு, நண்பர் செத்தப்புறம் உண்மையைச் சொன்னதுக்காக அவருக்கே தடை உத்தரவு வந்து நாட்டை விட்டுத் தப்பிச்சுப் போக வேண்டியதாச்சு.

கேள்வி: பேச்சு, எழுத்து தவிர அவரு என்ன செஞ்சாரு?

பதில்: 1973 மார்ச்ல அவருக்குத் தடை உத்தரவு போட்டாங்க. கிங் வில்லியம்ஸ் டவுன் எல்லையைத் தாண்டக்கூடாது, ஒரு நேரத்துல ஒருத்தருக்கு மேல பேசக்கூடாது, கூட்டத்துல பேசக்கூடாது, எழுதக்கூடாது, அவரு சொன்னதை வேற யாரும் மேற்கோள் காட்டவும் கூடாது. அதுக்கு முந்தின வருஷமே மருத்துவப் படிப்பும் போயிடுச்சு. இப்படிக் கட்டிப்போட்ட மனுஷன் என்ன செய்வான்? அவரு அந்த ஊர்லயே, ஒரு பழைய சர்ச் கட்டடத்துல 'கறுப்பின சமூகத் திட்டங்கள்'ங்கிற அமைப்புக்கு கிளை ஆபீஸ் போட்டாரு. 1975ல ஜின்யோகா கிராமத்துல ஜனெம்பிலோங்கிற மருத்துவமனை தொறந்துச்சு, கோசா மொழியில ஆரோக்கியத்தைக் கொண்டு வர்றதுன்னு அர்த்தம். டாக்டர் மாம்ஃபெலா ரம்ஃபெலே அங்க பொறுப்பா இருந்தாங்க. பிரசவம் பாத்தாங்க, குழந்தைங்களைப் பாத்தாங்க, சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் போனாங்க. அரசியல் கைதிகளோட குடும்பத்துக்கு உதவ ஜிமெலே நிதி, குழந்தைகள் காப்பகம், தோல் பொருள் செய்யற சின்ன தொழிற்கூடம் இதெல்லாமும் உண்டு.

டாக்டரும் கறுப்பு, நர்ஸும் கறுப்பு, கட்டடம் சுத்தம், வர்றவங்களை மரியாதையா நடத்தறாங்க. அந்த கிராமத்துப் பாட்டி ஒருத்தி அங்க வந்து உக்காந்தப்ப அவளுக்கு பெருமைங்கறதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. பிக்கோவை தத்துவக்காரரா மட்டும் பாக்கறவங்க இந்தப் பாதியை விட்டுடறாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம். அரசாங்கம் விடல, 1975 கடைசியில அந்த வேலையையும் செய்யக்கூடாதுன்னு உத்தரவை இறுக்குச்சு, 1977 ஏப்ரல்ல டாக்டரம்மாவை உத்தரவு போட்டு தூரத்துல ஒரு ஊருக்கு அனுப்பிடுச்சு.

கேள்வி: அவரு எப்படி இறந்தாரு? குத்தவாளிங்களுக்குத் தண்டனை கிடைச்சுச்சா?

பதில்: எழுதவே கை வரல, ஆனா மூடி மறைக்கறதும் தப்பு.

1977 ஆகஸ்ட் 18 ராத்திரி, கேப் டவுன் போயிட்டு திரும்பி வர்ற வழியில கிரஹாம்ஸ்டவுன் பக்கம் சோதனைச் சாவடியில தோழர் பீட்டர் ஜோன்ஸோட சேத்துப் புடிச்சாங்க. போர்ட் எலிசபெத்ல ஒரு காவல் நிலைய அறையில 20 நாள், துணியில்லாம, விலங்கு போட்டு வச்சிருந்தாங்க. செப்டம்பர் 6ல சான்லாம் கட்டடத்துக்கு விசாரணைக்குக் கொண்டு போனாங்க, அங்க தலையில பலத்த அடி, மூளையில காயம். அப்பவும் சங்கிலியில கட்டியே வச்சாங்க. டாக்டருங்க வந்து பாத்தாங்க, பாத்துட்டு போலீஸ் சொன்னதுக்குத் தலையாட்டினாங்க. 11ஆம் தேதி லேண்ட் ரோவர் வண்டியோட பின்பக்கம் துணியில்லாம படுக்க வச்சு, மருத்துவக் குறிப்பு ஒண்ணு கூட இல்லாம, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பிரிட்டோரியாவுக்கு ஓட்டிட்டுப் போனாங்க. 12ஆம் தேதி அங்க சிறையில தனியா உயிர் போச்சு. சாப்பிடாம உண்ணாவிரதம் இருந்தாருன்னு முதல்ல கதை விட்டாங்க. அந்தச் சாவு தன்னை ஒண்ணும் பாதிக்கலன்னு நீதித்துறை மந்திரி ஜிம்மி க்ரூகர் கட்சி மாநாட்டுல பேசினாரு.

மரண விசாரணையில குடும்பத்துக்காக சிட்னி கென்ட்ரிட்ஜ்ங்கிற வக்கீல் வாதாடினாரு. ஒரு மனுஷனை சங்கிலியில கட்டி வைக்க எந்தச் சட்டம் அனுமதி குடுக்குதுன்னு கேட்டதுக்கு, நாங்க சட்டங்களுக்குக் கீழ வேலை செய்யறதில்லன்னு போலீஸ் கர்னல் கூசன் சொன்னாரு. 1977 டிசம்பர் 2ல தீர்ப்பு, யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாதுன்னு. தோத்துப்போன மாதிரி தெரியற இந்தக் கதையில எனக்கு மரியாதை வர்ற எடம் சில டாக்டர்கள் பண்ணின காரியம்தான். காவல்ல பிக்கோவைப் பாத்த ரெண்டு டாக்டர்களையும் மருத்துவக் கவுன்சில் விசாரிக்கவே மாட்டேன்னு உக்காந்துக்கிச்சு, சொந்தத் தொழில்ல இருக்கறவங்களை எதிர்த்தே சக டாக்டர்கள் சிலபேர் வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சு ஜெயிச்சாங்க, 1985ல ஒருத்தரை பதிவேட்டுலேர்ந்து நீக்கினாங்க, இன்னொருத்தருக்கு கண்டிப்பு மட்டும்.

ஆட்சி மாறினப்புறம் அஞ்சு போலீஸ்காரங்க உண்மை அறியும் ஆணையத்துக்கிட்ட மன்னிப்பு கேட்டு மனு போட்டாங்க, கைகலப்புல தெரியாம பட்ட அடின்னே சாதிச்சாங்க. முழு உண்மையைச் சொல்லலன்னு 1999ல மன்னிப்பு மறுக்கப்பட்டுச்சு. மன்னிப்பும் இல்ல, வழக்கும் இல்ல, 2003ல ஆதாரம் போதாதுன்னு விட்டுட்டாங்க. அவரு செத்து சரியா 48 வருஷம் கழிச்சு, 2025 செப்டம்பர் 12ல மரண விசாரணையை மறுபடி தொறந்திருக்காங்க. அப்பா சாகும்போது சின்னப் பையனா இருந்த மூத்த மகன் நகோசினாத்திக்கு இப்ப அவரு வாழ்ந்த வயசைத் தாண்டி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

கேள்வி: மார்கஸ் கார்வி, மால்கம் எக்ஸ் வழியில வந்தவரா?

பதில்: ரெண்டு பேரும் அமெரிக்காவுல கறுப்பர் பெருமைக்காகக் குரல் குடுத்தவங்க. அந்தக் காத்து அடிச்சிருக்கு, அங்க கறுப்பர் அதிகாரம்னு எழுந்த குரலையும், காலனி ஆட்சியை எதிர்த்து எழுதின ஃபிரான்ஸ் ஃபனானோட எழுத்தையும் நல்லா படிச்சவரு. ஆனா அப்படியே எடுத்துப் பேசினவரில்ல.

கேள்வி: அந்த நாட்டுல அவருக்கு என்ன மரியாதை பண்ணியிருக்காங்க?

பதில்: 1997ல, இருபதாவது நினைவு நாள்ல, கிழக்கு லண்டன் நகர மண்டபத்துக்கு முன்னாடி அவரு சிலையை மண்டேலா திறந்து வச்சாரு. டர்பன்ல ஒரு ரோட்டுக்கு அவரு பேரு. ஜின்ஸ்பர்க்ல அவரை அடக்கம் பண்ணின எடம் நினைவுத் தோட்டம், பக்கத்துல ஸ்டீவ் பிக்கோ மையம், வருஷா வருஷம் நினைவுச் சொற்பொழிவு. எல்லாத்துலயும் எனக்கு மனசுக்கு நெருக்கமானது பிரிட்டோரியாவுல இருக்கற பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு ஸ்டீவ் பிக்கோ மருத்துவமனைன்னு பேரு வச்சது. வைத்தியம் கிடைக்காம அவரு செத்த ஊரு அது, டாக்டராகணும்னு படிச்சு பாதியில வெளிய அனுப்பப்பட்டவரு அவரு. இப்ப அந்த ஊர்ல உடம்பு முடியாதவங்களை பிக்கோவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்றாங்க.

கேள்வி: அவரைப் படிக்கணும்னா எங்க தொடங்கறது? (முதல் கேள்வி கேட்ட அதே மாணவி)

பதில்: சாசோ செய்தி இதழ்ல 'ஃபிராங்க் டாக்'ங்கிற புனைபேர்ல அவரு எழுதின பத்திக்கு 'ஐ ரைட் வாட் ஐ லைக்'னு தலைப்பு, எனக்குப் புடிச்சதை எழுதறேன்னு. அதே பேர்ல அவரு செத்த மறு வருஷம், 1978ல, கட்டுரைங்க எல்லாம் புத்தகமா வந்துச்சு. முதல் பக்கத்துலேர்ந்து தொடங்காதம்மா, நேரா அந்தக் கோர்ட்டு சாட்சியம் இருக்கற பகுதிக்குப் போ. கேள்வி பதிலா இருக்கறதால படிக்கவும் சுலபம். இன்னொன்னு, அப்ப அவருக்கு 29 வயசு, மூணு வருஷமா வாயைத் திறக்கக்கூடாதுன்னு உத்தரவு, அத்தனை பேரு கேக்க அவரு பேசறதுக்குக் கிடைச்ச ஒரே எடம் அந்த சாட்சிக் கூண்டுதான். அதை மனசுல வச்சுக்கிட்டுப் படி.